வித்தியாசம் 63,000

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பல வருஷமாக டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருந்த கணக்கை 2024 ஏப்ரல் 1 முதல் புது ஈஆர்பிக்கு (கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) மாற்றுவதென்று முதலாளி முடிவெடுத்தார். மார்ச் 31 இருப்பை ஏற்றினால் ஆச்சு, ஒரு வார வேலை என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏழு வாரம் ஆனது.

முதல் நாளே சறுக்கினேன். டிரயல் பேலன்ஸை, அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியலை, எக்செல்லுக்கு எடுத்தபோது ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் டெபிட், கிரெடிட் குறி தெரிந்தது. செல்லைத் தொட்டுப் பார்த்தால் மேலே வெறும் எண்தான். அந்தக் குறி ஃபார்மேட்டில் மட்டும் இருக்கிற சமாச்சாரம். அதைக் கவனிக்காமல் வேல்யூவை மட்டும் பேஸ்ட் செய்துவிட்டேன். வர வேண்டியதும் தர வேண்டியதும் ஒரே பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன.

புது சாஃப்ட்வேரில் ஓப்பனிங் (தொடக்க இருப்பு) ஏற்றவென்றே ஒரு தற்காலிகக் கணக்கு உண்டு. நிலுவை பில்களை ஏற்றும்போது எதிர்ப்பதிவு அதில் விழும். பிறகு பார்ட்டி (நம்மிடம் வாங்குபவர், நமக்கு விற்பவர்) பாக்கிகளை விட்டுவிட்டு மற்ற லெட்ஜர்களை, அதாவது தனித்தனிக் கணக்குகளை, ஒரே ஜர்னல் பதிவாகப் போட்டால் அது பூஜ்யமாக வேண்டும். பார்ட்டி பாக்கியை இரண்டிலும் சேர்த்தால் எல்லாம் இரட்டிப்பாகும். (சேர்த்தோம். ஒரு சனிக்கிழமை போனது.)

கடைசியில் அதில் 63,000 நின்றது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. எங்கள் பழைய கணக்கர் அண்ணன் டீ கிளாஸைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: “ஒன்பதால வகுத்தீங்களா தம்பி?”

வகுத்தேன். மீதியில்லாமல் 7,000.

“எண்ணு இடம் மாறியிருக்குதுங்க. பத்தாயிரம் இடத்து எண்ணுக்கும் ஆயிரம் இடத்து எண்ணுக்கும் ஏழு வித்தியாசம் வர்ற தொகையாப் பாருங்க.”

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வகுத்தால் வருவது எந்த இடத்தில், எத்தனை என்றுகூடக் காட்டிக்கொடுக்கும். கையால் டைப் செய்த நாற்பது பில்களை மட்டும் எடுத்து எட்டும் ஒன்றும், ஒன்பதும் இரண்டும், ஏழும் பூஜ்யமும் எங்கே சேர்ந்து வருகிறதென்று பார்த்தேன். ஒரு டையிங் (சாயம் போடும்) பில். 1,81,000 என்பது 1,18,000 என்று ஏறியிருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பூஜ்யம் வந்ததும் மானேஜர், “டாலி ஆயிடுச்சில்ல, விடுங்க” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. பார்ட்டிவாரியாகப் பழையது, புதியது இரண்டு பட்டியலையும் எக்செல்லில் பெயரை வைத்துத் தேடும் விலுக்அப்பில் ஒப்பிட்டேன். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்று இடம் இருந்தாலே ‘இல்லை’ என்று சொல்லும், அந்தக் கடுப்பு தனி. அதைச் சரிசெய்த பிறகுதான் வெளியே வந்தது: ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு காம்பாக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்தும்) யூனிட்டில் ஒருவரின் பில் இன்னொருவர் தலையில் ஏறியிருந்தது. கூட்டுத்தொகைக்கு இது தெரியவே தெரியாது.

டாலர் பாக்கிதான் மூன்று வாரத்தைத் தின்றது. ஒரு பையரின் (வெளிநாட்டு வாடிக்கையாளர்) 20,000 டாலர் பில். போட்டபோது டாலர் 82 ரூபாய், 16,40,000. வருஷக் கடைசியில் 83 என்று மறுமதிப்பீடு செய்து 20,000 ரூபாயை பில் நம்பர் குறிப்பிடாமல் பையர் கணக்கில் ஜர்னல் போட்டிருந்தோம். நாங்கள் பில்லைப் பழைய விலைக்கு ஏற்றி, அந்த 20,000 ரூபாயைத் தனி வரியாகச் சேர்த்தோம். ரூபாயில் 16,60,000, அச்சு அசல். ஆனால் சாஃப்ட்வேர் அந்தத் தனி வரியையும் டாலராக்கி, பையர் கூடுதலாக 241 டாலர் தர வேண்டும் என்று காட்டியது! டிரயல் பேலன்ஸில் ஒரு பைசா இடிக்கவில்லை. எல்லா வெளிநாட்டு பில்லையும் நீக்கி, டாலர் தொகையோடு வருஷக் கடைசி விலைக்கே மறுபடி ஏற்றினோம்.

நடுவில் பழைய தப்புகளும் கிளம்பின. எங்கள் உள்ளீட்டு ஜிஎஸ்டி (வாங்கும்போது கட்டிய வரி) லெட்ஜரும் அரசு ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள கிரெடிட் லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை. ஏற்றும்போதே திருத்திவிடலாம் என்றார்கள். நான் சண்டை போட்டேன். தப்பு இருந்தால் தப்போடுதான் ஏற்ற வேண்டும். திருத்தம் புது கணக்கில், தேதியோடு, காரணத்தோடு. போகிற வழியில் சரிசெய்தால் எது மாற்றத்தில் வந்த வித்தியாசம், எது நாமே செய்தது என்று பிறகு எவனுக்கும் தெரியாது.

செப்டம்பரில் ஆடிட்டர் தேய்மானத்தையும் சில ஒதுக்கீடுகளையும் மாற்றினார். பழையதில் என்ட்ரி போட்டு, புதியதில் ஓப்பனிங்கைத் திருத்தி, மறுபடி வரிவரியாக ஒப்பிட்டோம்.

பழைய கம்ப்யூட்டர் மூலையில் இன்னும் ஓடுகிறது. ஜிஎஸ்டிக்கே ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றியாக வேண்டும், அதனால் தூக்கிப்போட முடியாது. அண்ணன் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் ஆன் செய்கிறார்.