சின்னச் சிகரம்தானே என்று ஏறினால்

உயரம் குறைந்த சிகரங்களில் வழி தவறுவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். காரணம் எளிது. மேலே போகப்போக எல்லா முகடுகளும் உச்சியில் வந்து சேரும். எதில் ஏறினாலும் உச்சிதான். இறங்கும்போது அவையே விரல்கள் மாதிரி பிரியும். முதல் ஐம்பது அடியில் திசை கொஞ்சம் பிசகினாலும் அடிவாரத்தில் வேறொரு பள்ளத்தாக்கில்தான் நிற்பீர்கள். அதனால் உச்சியை விட்டுக் கிளம்பும் முன்பே காம்பஸில் திசை பாருங்கள். ஏறும்போது ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்த்து, அந்தப் பக்கத்துக் காட்சியைப் போட்டோ எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கினால் சரிவு செங்குத்து. கோடுகளின் வளைவு மேட்டை நோக்கிக் கூர்ந்தால் பள்ளத்தாக்கு, தாழ்வை நோக்கிக் கூர்ந்தால் முகடு. அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்றால் 15 மீட்டர் பாறைச் சுவர் படத்தில் தெரியாமலேயே போகலாம்! படத்தை நம்பிக் கண்ணை மூடாதீர்கள்.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 6 கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 2 மணி நேரம். இதில் ஓய்வு சேராது.

உச்சி போலத் தெரிவது பலமுறை உச்சியாக இருக்காது. பின்னால் இன்னொன்று நிற்கும்.