அதே பாஸ்டன் தெருக்கள்

பாஸ்டனில் கிட்டி நாக்ஸ் என்றொரு கறுப்பினத் தையற்காரப் பெண். பாவாடைக்குப் பதில் தானே தைத்த கால்சட்டை போட்டு சைக்கிள் ஓட்டுவார். 1894இல் அமெரிக்க சைக்கிள் சங்கம் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று விதி போட்டது. மறு வருஷமே உறுப்பினர் அட்டையோடு அவர்களின் ஆஸ்பரி பார்க் மாநாட்டில் போய் நின்றார் இவர். என்ன தைரியம்!

அந்த விதியை முறைப்படி நீக்கியது எப்போது தெரியுமா? 1999இல்.

சரி, பழைய கதை என்று விட்டுவிடலாமா? அதே பாஸ்டனில் வயலின் படித்த காலத்தில் சைக்கிளில் சுற்றிய ஆயிஷா மெக்கோவன், பிறகு லிவ் ரேசிங் அணியில் சேர்ந்தார். அமெரிக்காவின் முதல் கறுப்பினத் தொழில்முறை சாலைப் பந்தய வீராங்கனை. அதுவும் 2021இல்தான்! தான் ஏறியதோடு நிற்காமல், தன்னைப் போன்ற பெண்களுக்குச் சின்னச் சின்ன உதவித்தொகையும் ஏற்பாடு செய்தார். சைக்கிள் விலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.