பழைய கார் கடிகாரத்துக்குக் குவார்ட்ஸ் மெஷின்

ஊட்டி, குன்னூர் பக்கம் ஷெட்டில் நிற்கிற பழைய கார்களில் இன்ஜின் ஓடும், வைப்பர் ஓடும், டாஷ்போர்டு கடிகாரம் மட்டும் நின்றே இருக்கும். அந்தக் காலத்துக் கார் கடிகாரங்கள் பல, கரண்டில் நேரடியாக ஓடுபவை அல்ல. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது தளர்ந்ததும் இரண்டு பாயிண்ட் (உலோக முனைகள்) தொட்டுக்கொள்ளும். காயில் (கம்பிச்சுருள்) ஓர் உதை விட்டு ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கும். அவ்வப்போது கேட்கிற ‘டக்’ சத்தம் அதுதான். பேட்டரி இறங்கியிருந்தால் பாயிண்ட் தொடும், உதைத்துப் பிரியத் தெம்பு இருக்காது. தொட்டபடியே நின்று காயில் சூடேறி, பாதுகாப்புக்கு வைத்த ஈய இணைப்பு உருகிவிடும்; அது இல்லாத மாடலில் காயிலே கருகும். வாரக்கணக்கில் ஸ்டார்ட் செய்யாத கார், டிசம்பர் குளிர், பாயிண்ட்டைக் கறுக்க வைக்கும் ஈரம் என்று மலையில் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

ஈய இணைப்பு மட்டும் விட்டிருந்தால் பாயிண்ட்டைச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்கலாம். காயில் கருகியிருந்தால், செல்லில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின்தான் போட வேண்டும்.

வாங்கும் முன் அளவெடுங்கள். சுவர்க்கடிகார மெஷின் பொதுவாக 56 மில்லிமீட்டர் சதுரம். பல பிரிட்டிஷ் கார்களின் சின்ன மீட்டர் 52 மில்லிமீட்டர் வட்டம். அதற்குள் போகவே போகாது. பட்டன் செல்லில் ஓடும் சின்ன மேஜைக் கடிகார மெஷினோ, அந்தக் கடிகாரத்துக்கென்றே விற்கும் கிட்டோ வேண்டும். டயலின் கனத்தையும் முள் துளைகளையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். துளை சிறிதென்றால் புரோச் (துளையைச் சீவும் கூம்பு ஊசி) போட்டுப் பெரிதாக்கலாம். பெரிதென்றால் பித்தளை புஷ் (சின்னக் குழல்) இறக்க வேண்டும். பசை வைத்து ஒட்டினால் நிற்காது.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வோல்ட்டைக் குறைத்து நிலையாக வைக்கும் எல்எம்317 ஐசியில் 240 ஓம், 47 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 12 வோல்ட் 1.5 வோல்ட்டாகும். ஆனால் அந்தச் சர்க்யூட்டே எந்நேரமும் 5 மில்லி ஆம்பியர் குடிக்கும், மாதத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி. நிற்கிற காருக்கு அது வீண் சுமை. 1967-க்கு முந்தைய எம்ஜிபி போன்ற, பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த ‘பாசிட்டிவ் எர்த்’ கார்களில் வயரை மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரானிக்ஸ் அங்கேயே போய்விடும். எனவே மலை கார்களுக்கு என் தேர்வு தனி ஏஏ செல். மெஷினில் செல் தொடும் தகடுகளில் இரண்டு மெல்லிய வயர் பற்றவைத்து, டாஷ்போர்டுக்கு அடியில் கை எட்டும் இடத்தில் ஹோல்டரை வையுங்கள். ஹீட்டர் பக்கம் வேண்டாம். பழைய 12 வோல்ட் வயரின் முனையை இன்சுலேட் செய்து கட்டிவிடுங்கள். டயல் விளக்கின் வயரைத் தொட வேண்டியதில்லை.

வேலையை ஆரம்பிக்கும்போது முதலில் கார் பேட்டரியைக் கழற்றுங்கள். பெசலை (கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்வளையம்) திருப்பினால் அதன் காதுகள் கேஸின் வெட்டுக்கு நேராக வந்து கழன்றுவரும். ரப்பர் இறுகியிருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் குரோம் நெளியும். டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, இரு பக்கமும் ஒரே சமயத்தில் தூக்கி முட்களை எடுங்கள். 1960-களுக்கு முந்தைய டயல், முட்களில் இருட்டில் ஒளிரும் பெயிண்ட் இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு போகாது. சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது, ஊதவும் கூடாது.

புது மெஷினை மாட்டி 12 மணிக்கு வைத்து, இரு முட்களையும் நேராக அழுத்துங்கள். அழுத்தும்போது பின்னாலிருந்து தண்டுக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். பிறகு பின்பக்கச் சக்கரத்தால் முட்களை 12 மணி நேரம் முழுதும் சுற்றிப் பாருங்கள். ஒன்றோடொன்றோ டயலிலோ கண்ணாடியிலோ உரசினால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். பழைய பித்தளை முள் கனம்; மெஷின் வலுவில்லாவிட்டால் ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற முடியாமல் திணறும். நேரம் வைக்கிற முன்பக்கத் திருகு இனி வேலை செய்யாது, ஆனால் அதை எடுக்காதீர்கள், முகம் கெட்டுவிடும்.

மூடுகிற நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பனிமூட்டத்தில் மூடினால் அந்த ஈரம் கேஸுக்குள்ளேயே தங்கி, இரவில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். கேஸை ஒரு நாள் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்து வைத்து, வெயில் காய்கிற மதியத்தில் புது ரப்பர் போட்டு மூடுங்கள்.

செல்லை வருடம் ஒருமுறை, ஜூன் மழைக்கு முன் மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, கசிந்தால் ஹோல்டர் அரித்துவிடும். கழற்றிய பழைய மெஷினை ஸ்குரூக்களோடு ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கார், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். காயிலைத் திரும்பச் சுற்றுகிற ஆள் கிடைத்தால் அதே டயலில் அதை மறுபடி ஏற்றலாம்.