பொங்கலுக்கு வந்த அவரைக்கொட்டை

எங்கள் வீட்டுப் பொங்கலில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பெரிய மரியாதை கிடையாது. வைப்போம், படைப்போம், ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிடுவோம், அவ்வளவுதான். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பொங்கல் என்றதும் கிழங்கைத்தான் சொல்வார்கள். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, சீனிக்கிழங்கு, பிடிகருணை, பனங்கிழங்கு. நிறைநாழி வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, அதன் முன்னால் வாழையிலையில் இத்தனையையும் அடுக்கி வைப்பாள் அம்மா. அதில் தலைப்பிள்ளை சிறுகிழங்கு. சேனை இல்லாவிட்டால் ஒரு முணுமுணுப்போடு போய்விடும். சிறுகிழங்கு இல்லாவிட்டால் அது பொங்கலே இல்லை.

மனைவிக்கு மாறுதல் வந்து கிருஷ்ணகிரிக்குக் குடிவந்தபோது எனக்கு முதலில் வந்த கவலை இதுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். லண்டன்பேட்டையில் மாடி வீடு. (“மகன் லண்டன்பேட்டைல இருக்கான்” என்று ஊரில் சொல்லும்போது ‘பேட்டை’யை மட்டும் அம்மா மெதுவாகச் சொல்வாள்.) கீழே வீட்டுக்காரர்கள். அவர்களுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ், ஓசூர் மாப்பிள்ளை வந்துவிட்டால் நடுவில் கன்னடமும் ஓடும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி 2004-லேயே பெயர்ப்பலகைகள் மாறிவிட்டாலும், அந்த வீட்டுப் பெரியவருக்கு இது இன்னும் ‘தர்மபுரி ஜில்லா’தான்.

மார்கழி பாதியில் உழவர் சந்தைக்குப் போய்ச் சிறுகிழங்கு கேட்டேன். ஒரு அக்கா சேப்பங்கிழங்கை எடுத்து நீட்டினார். இன்னொருவர் சின்ன உருளைக்கிழங்கைக் காட்டி, “இதைவிடச் சிறுசு வேணுமா?” என்றார். சிறுகிழங்கு என்று ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஆனால் சந்தை காலியாக இல்லை. எங்கே பார்த்தாலும் அவரைக்காய் குவியல். எங்கள் ஊரில் பொரியலுக்கு வாங்கும் தட்டை அவரை இல்லை இது; உள்ளே கொட்டை திரண்டு, தோல் புடைத்துக்கொண்டு நிற்கும் காய். தொட்டால் கையில் பிசுபிசுப்பும் ஒரு வாசமும் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் ராகிக்கு ஊடுபயிராக இதைப் போடுகிறார்கள். ராகியை அறுத்த பின்னும் இது நின்று, மார்கழிப் பனியைக் குடித்துக் காய்க்கும். பனி விழுந்த காய்க்குத்தான் வாசம் என்று விற்றவர் சொன்னார்.

அப்போது எனக்கு அதில் அக்கறை இல்லை. சிறுகிழங்குக்கு வழி தேடினேன். கிருஷ்ணகிரி நகருக்குள் ரயில் கிடையாது, ஆனால் சாலை உண்டு. கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் இறங்குகிறது. திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். பெங்களூரு போகிற பேருந்துகளெல்லாம் விடிகாலையில் இப்படித்தான் வரும். அம்மாவும் பொங்கலுக்கு இங்கேயே வருவதாகச் சொல்ல, கிழங்கு, பொங்கக்கட்டி, அம்மா மூன்றும் ஒரே பேருந்தில் வந்தன.

பொங்கக்கட்டி தெரியாதவர்களுக்கு: மண்ணில் பிடித்துக் காயவைத்து, வெள்ளையடித்து, காவிப் பட்டை தீட்டிய மூன்று கட்டிகள். அவற்றை முக்கோணமாக வைத்தால் அதுதான் அடுப்பு. தை பிறக்கும் முன் நெல்லைப் பக்கத்துக் கடைத்தெருக்களில் குவித்து வைத்து விற்பார்கள். பைபாஸில் இருட்டோடு இறங்கிய அம்மா, கிழங்குச் சாக்கைக்கூட என்னிடம் கொடுத்தாள், கட்டிப் பையைக் கொடுக்கவில்லை. வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். “கண்டக்டர் தம்பி என்ன நெனைச்சானோ, மூணு தடவ எட்டிப் பாத்துட்டுப் போனான்” என்றாள்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதில் ஒரு பஞ்சாயத்து. மொட்டை மாடியில் வைப்பதாக நான் நினைத்திருந்தேன். தளஓடு வெடித்துவிடும் என்று வீட்டுக்கார அக்காவுக்குப் பயம். நியாயமான பயம்தான், மூன்று கட்டிக்கு நடுவே பனையோலை எரிகிற எரிப்பை அவர் பார்த்திருக்கவில்லை, ஆனால் ஊகித்துவிட்டார். “கீழ வாசல்லயே வையுங்க தம்பி, எங்க பானை ஒரு பக்கம், உங்க பானை ஒரு பக்கம்” என்று முடித்தார். ஓலைக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் வரப்புப் பனைகள் இருந்தன. கேட்டதும் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. கீழ்வீட்டில் மாவிறகு. மாந்தோப்பு சூழ்ந்த ஊர், கிளை கழித்த விறகுக்குப் பஞ்சமில்லை. மாவிறகு நின்று நிதானமாக எரியும். ஓலையை ஒரு ஆள் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் பராக்குப் பார்த்தால் அணைந்துவிடும். அம்மாவிடம் இதைச் சொன்னால், “பொங்கலன்னைக்கு உக்காந்து தள்ளாம வேற என்னல சோலி?” என்பாள்.

போகியன்று சாயங்காலம் நடந்ததுதான் நான் எழுத நினைத்தது.

சிறுகிழங்கை உரிப்பது ஒரு வித்தை. கத்தி வைத்தால் தோலோடு பாதிக் கிழங்கு போய்விடும். தண்ணீரில் ஊறப்போட்டு மண் இளகியதும், சாக்கில் கட்டித் தரையில் போட்டுப் புரட்டிப் புரட்டித் தேய்க்க வேண்டும். தோல் கிழங்கோடு கிழங்காக உரசிக் கழன்றுவிடும். மிச்சத்தைக் கையால் சுரண்டினால் விரல் நுனி கறுத்துப்போகும், சோப்புக்கெல்லாம் அசையாது. அம்மா வாசல் திண்ணையில் சாக்கை உருட்டத் தொடங்கிய நேரத்தில், கீழ்வீட்டு அக்காவும் அவர் மகளும் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். அண்டாவில் உரித்து ஊறவைத்த அவரைக்கொட்டை. ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு தட்டில் போய் விழும், தோல் விரலில் நிற்கும். பிதுக்கம்பருப்பு. அக்கா பார்க்காமலேயே பிதுக்கினார், ஒன்றுகூடத் தட்டுக்கு வெளியே போகவில்லை. நான் பிதுக்கியது பெரியவரின் கண்ணாடியில் போய்ப் பட்டது.

அம்மாவும் அக்காவும் மற்றவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இவ்வளவு சின்னக் கிழங்குக்கு இவ்வளவு பாடா?” என்று அக்கா கேட்டார். அம்மா அண்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீ ஒவ்வொரு பயறுக்கும் சட்டை கழட்டுதியேம்மா” என்றாள். அதற்கப்புறம் பேச்சு நின்று, சாக்கு இங்கிருந்து அங்கே போனது, அண்டா அங்கிருந்து இங்கே வந்தது. அம்மாவுக்குப் பிதுக்கம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. தோலையெல்லாம் தனியே சேர்த்து வைத்தார்கள், பக்கத்துத் தெரு மாட்டுக்கு.

அந்தத் திண்ணையில் எனக்கு ஒன்று பட்டது. அம்மாவின் பொங்கல் பட்டியலை நான் ஏதோ ஆகம விதி போல நினைத்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிப் பக்கத்தில் மார்கழிக் கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து எது வருகிறதோ அதுதான் அந்தப் பட்டியல். அதே வாரங்களில் இங்கே கொல்லையில் அவரை நிற்கிறது. இலையில் அதற்கு இடம் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். “சரி, அதுக்காகச் சிறுகிழங்கை எடுத்துறாத” என்றாள்.

மறுநாள் விடியலுக்கு முன் எங்கள் பானை ஏறியது. கீழ்வீட்டில் குளித்து, சாமி கும்பிட்டு, நிதானமாக வெயில் ஏறிய பிறகு வைப்பதுதான் வழக்கமாம். அம்மாவுக்குச் சூரியன் எட்டிப் பார்க்கும்போது பால் பொங்கியிருக்க வேண்டும். கிருஷ்ணகிரித் தைக் குளிர் அவளுக்குப் புதிது. ஓலை தள்ளுகிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் அடுப்போரத்திலேயே இருந்ததற்கு பக்தி மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரும் பாலும் சேர்ந்து நுரை கட்டிப் பானைக் கழுத்துக்கு வந்து, காவிப் பட்டை மேல் வழிந்ததும் அம்மா குலவை போட்டாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் குலவை எழுந்தால் அடுத்த வீட்டிலிருந்து பதில் குலவை வரும். இங்கே தெருநாய்கள் பதில் சொன்னன. எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் துண்டோடு ஓடிவந்து, “என்னாச்சும்மா?” என்றார்.

நாங்கள் வைப்பது இரண்டு பானை. சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் கடத்தூர்ச் சந்தையிலிருந்து வந்தது, நன்றாகவே இருந்தது. பால் பொங்கல்தான் முக்கியம்: பச்சரிசி, பால், உப்புகூடக் கிடையாது. அதற்கு இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல். அந்த வருடம் இலையில் கூடுதலாகப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. உப்பில்லாத பால் சோற்றுக்கு அந்தக் குழம்பு போல ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. பருப்பு முழுசாக நிற்கும், நாக்கில் வைத்தால் வெண்ணெயாகக் கரையும்.

ஆனால் அந்தக் குழம்பு அம்மாவுக்கு ஒரு தர்மசங்கடம். கீழ்வீட்டுச் செய்முறையில் மல்லி, மிளகாய், தேங்காயோடு பட்டை, கிராம்பு, பூண்டு எல்லாம் வறுத்து அரைக்கிறார்கள். ராகிக் களிக்கு அது அமிர்தம். அம்மா ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு என் காதருகே, “கறிக்கொழம்பு வாசம் அடிக்கி, நல்ல நாளும் அதுவுமா” என்றாள். அதே நேரம் சிறுகிழங்குப் பொரியலைச் சாப்பிட்ட அக்கா, பாராட்டுகிற நினைப்பில், “நல்லா இருக்கும்மா, உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கு” என்றுவிட்டார். அம்மா சாயங்காலம் வரை கீழே இறங்கவில்லை.

அடுத்த தைக்குள் அம்மா தனக்கென்று ஒரு பிதுக்கம்பருப்பு பண்ணிக்கொண்டாள். செய்துபார்க்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். பிதுக்கிய பருப்பை மஞ்சள் பொடி போட்டு முக்கால் வேக்காடு வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். தேங்காய், சீரகம், நாலைந்து மிளகு, சின்ன வெங்காயம், மிளகாய் வத்தல் சேர்த்துப் பச்சையாக அரைத்து ஊற்றி, புளி கொஞ்சமாகக் கரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தாளிப்புத் தேங்காய் எண்ணெயில்: கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. பட்டை கிடையாது. கீழ்வீட்டு அக்கா இதைச் சாப்பிட்டுவிட்டு மரியாதையாக, “உடம்புக்கு நல்லதும்மா” என்றார். பத்தியச் சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தை அது. இரண்டு குழம்பும் இப்போது இலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கின்றன. நான் இரண்டையும் ஊற்றிக்கொள்கிறேன், எந்தப் பக்கமும் கருத்துச் சொல்வதில்லை.

சிறுகிழங்கையும் இங்கேயே விளைவிக்கிற முயற்சி நடக்கிறது. ஆவணியில் கொடித்துண்டுகளை ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் அரிசிச் சாக்குகளில் செம்மண்ணும் மணலும் சாணியெருவும் நிரப்பி நட்டிருக்கிறாள் அம்மா. இலை தழைத்து வருகிறது, கிழங்கு மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு மேல் தேற மாட்டேன் என்கிறது. படைக்கிற இலைக்கு அது போதும், பொரியலுக்கு இன்னும் பேருந்துதான்.

பொங்கலுக்கு மறுநாள் சுண்டக்கறி. முந்தின நாள் மிச்சமான குழம்பு, அவியல், பொரியல் அத்தனையையும் ஒரே சட்டியில் கொட்டி, சிறு தீயில் சுண்டச் சுண்டக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி வைத்த பழைய பால் பொங்கலுக்குத் தொட்டுக்கொள்வது. எனக்குப் பொங்கலைவிட இது பிடிக்கும். கீழ்வீட்டில் அன்று மாட்டுப் பொங்கல் மும்முரம், பையன்களெல்லாம் எருது விடும் விழா பார்க்கக் கிளம்பிவிடுவார்கள், மிச்சச் சோறு சாப்பிட ஆள் இருக்காது. அப்படியும் அக்கா ஒரு கிண்ணத்தோடு மாடிக்கு வந்து சுண்டக்கறி கேட்டார், களிக்குத் தொட்டுக்கொள்ள. களிக்குச் சுண்டக்கறியா என்று அம்மா வாயைப் பிளந்தாள். அக்கா விடவில்லை, ஆவி பறக்கிற களி உருண்டை ஒன்றை அம்மாவின் தட்டிலும் வைத்து, குழி பறித்துச் சுண்டக்கறியை ஊற்றினார்.

அம்மா கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

“மெல்லக் கூடாதும்மா, அப்படியே முழுங்கிடணும்.”

“பின்ன பல்லு எதுக்கும்மா இருக்கு?” என்று சொல்லிவிட்டு, அடுத்த கவளத்தையும் மென்றுதான் சாப்பிட்டாள். உருண்டை முழுசும் தீர்ந்தது.