எலியின் காதில் கிடைப்பது, ரத்தத்தில் கிடைக்காதது

காட்டு எலிகளில் உண்ணி பரப்பும் பாக்டீரியாக்களைத் தேட நான் இறங்கியபோது, வேலை ஆய்வகத்தில்தான் என்று நினைத்தேன். பாதி வேலை எலியின் காது மடலிலேயே முடிந்துவிடுகிறது. அனுமதி, படிவம் எல்லாம் எந்த ஆய்வுக்கும் உள்ளதுதான், விட்டுவிடுகிறேன்.

அந்தி சாயும்போது பொறி வைத்து, விடிந்ததும் ஓட வேண்டும். தானியத்தோடு கொஞ்சம் பஞ்சும் உள்ளே வைப்போம், குளிரில் எலி விறைத்துவிடக் கூடாது. மூஞ்சூறு சிக்கினால் இன்னும் அவசரம். சில மணி நேரப் பட்டினியே அதற்கு ஆபத்து.

மயக்கம் கொடுத்த எலியின் காது ஓரத்தில், கடுகைவிடச் சிறிதாக, சாம்பல் நிறத்தில் உப்பிய உண்ணி லார்வாக்கள் ஒட்டியிருக்கும். ஆறு கால் என்றால் முட்டையிலிருந்து வந்த லார்வா, எட்டு என்றால் அது தோலுரித்து அடையும் அடுத்த நிலையான நிம்ஃப். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி அறுந்து தோலில் தங்கினால் இனம் காண்பது சிரமம்.

பிறகு காதில் 2 மி.மீ. அளவுக்குத் தோல் துணுக்கு, கூடவே சில சொட்டு ரத்தம். இரண்டும் அவசியம். லைம் நோய் தரும் பொரேலியா பர்க்டார்ஃபெரி எலியின் தோலில்தான் நெடுநாள் குடியிருக்கும், ரத்தத்தில் அதிகம் தங்காது. உண்ணி பரப்பும் இன்னொரு பாக்டீரியாவான அனாபிளாஸ்மா ஃபேகோசைட்டோஃபைலமோ ரத்த வெள்ளணுக்களுக்குள் வாழ்வது, அதற்கு ரத்தம்தான் வேண்டும். ஒரே எலியின் காதில் பொரேலியா கிடைத்து, ரத்தத்தில் தடயமே இல்லாததைக் கண்ணால் பார்த்தேன். ரத்தத்தை மட்டும் சோதித்து 'தொற்று இல்லை' என்று எழுதுவதை அதன்பின் என்னால் ஏற்க முடியவில்லை. ரத்தத்தின் சிவப்பு நிறமியிலுள்ள ஹீம், கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும் என்பதால், வினை நடந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டு மாதிரியும் கட்டாயம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது லார்வாதான். பொரேலியா பர்க்டார்ஃபெரி தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போவது மிக அரிது. ஆக, லார்வா கிருமியை எலியிடமிருந்தே பெறுகிறது. ஆனால் ரத்தம் குடித்து உப்பிய லார்வாவில் கிருமியின் டிஎன்ஏ இருந்தால், அது குடித்த உணவிலேயே இருந்திருக்கலாமே! அதனால் சில எலிகளைத் தண்ணீர்த் தட்டின் மேல் கம்பிவலைக் கூண்டில் வைத்தோம். வயிறு நிறைந்த லார்வாக்கள் தானாக விழுந்ததும் எலிகளைப் பிடித்த இடத்திலேயே விட்டோம். லார்வாக்களை ஈரப்பதத்தில் வளர்த்தோம். தோலுரித்த நிம்ஃபில் பொரேலியா தெரிந்த பிறகே, 'இந்த எலி கிருமியை உண்ணிக்குக் கடத்துகிறது' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.