பிரவுன்ஷ்வைக்: ஒரு பள்ளி அட்லஸின் ஊர்

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது வெண்கலச் சிங்கத்தை. நானும் பார்த்தேன். சதுக்கத்தில் நிற்பது நகல்தான். 12ஆம் நூற்றாண்டின் அசல் பக்கத்துக் கோட்டைக்குள் இருக்கிறது. ஆனால் என்னை இந்த ஊருக்கு வரவைத்தது சிங்கமல்ல, பள்ளிப் பிள்ளைகளின் அட்லஸ் ஒன்று.

ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போன எவரிடமும் 'டீர்க்கெ' என்று சொன்னால் போதும், அட்லஸ் என்று புரிந்துகொள்வார்கள். ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த கார்ல் டீர்க்கெயும் லைப்சிக் நகரின் வரைபடக் கலைஞர் எட்வர்ட் கேப்ளரும் சேர்ந்து உருவாக்கியது அது. இந்த ஊரின் வெஸ்டர்மான் பதிப்பகம் 1883இல் வெளியிட்டது. இன்றும் வெளியிட்டு வருகிறது. ஜெர்மனி ஆப்பிரிக்காவில் காலனி பிடிக்கத் தொடங்கியது 1884இல். அப்படியென்றால் முதல் பதிப்பில் காலனி கிடையாது. பிறகு வந்தவற்றில் டோகோ, கேமரூன் என்று நிறம் ஏறியிருக்கும். முதல் உலகப் போருக்குப் பின் அந்த நிறத்துக்கு வேலை இல்லாமல் போனது.

இந்த ஊரிலேயே ஜார்ஜ் எக்கர்ட் நிறுவனம் இருக்கிறது. பல நாடுகளின் பாடநூல்களைச் சேர்த்து ஆராயும் இடம். உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கான சாட்சியங்களை இப்படி ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது, என் கணக்கில், சிங்கத்தைவிடப் பெரிய பெருமை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தவை 1950களின் மேற்கு ஜெர்மன் வரைபடங்கள். ஓடர், நைசெ ஆறுகளுக்குக் கிழக்கே இருந்த நிலம் 1945இலேயே கைமாறிவிட்டது. ப்ரெஸ்லாவ் போலந்து நகரமாகிவிட்டது. கோனிக்ஸ்பெர்க் சோவியத் வசம் போய்விட்டது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு லட்சக்கணக்கில் மேற்கே வந்து குடியேறியும் விட்டார்கள். வரைபடம் மட்டும் போருக்கு முந்தைய 1937 எல்லையை விடவில்லை. இழந்த பகுதிகளின் மேல் 'போலந்து நிர்வாகத்தின் கீழ்' என்று எழுதி, ஏதோ கொஞ்ச நாள் கடன் கொடுத்தாற்போலக் காட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் வீம்பைப் பத்து வயதுப் பிள்ளை பென்சில் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது.

1970இல் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் வார்சா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகுதான் பிடி தளர்ந்தது. 1972இல் இரு நாட்டு அறிஞர்களும் கூடிப் பாடநூல் குழு அமைத்தார்கள். வரலாறும் புவியியலும் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற பரிந்துரைகள் 1976இல் வெளிவந்தன. மேற்கு ஜெர்மனியில் அவற்றுக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. எல்லையை முடிந்த முடிவாக உறுதிசெய்த ஒப்பந்தம் 1990இல்தான் வந்தது. இதற்கிடையில், 1974இல் டீர்க்கெ அடியோடு மாறியிருந்தது. மலையும் ஆறும் போக, தொழிற்சாலை, நிலப் பயன்பாடு, நகரங்களின் அமைப்பு என்று கருப்பொருள் வரைபடங்கள் பக்கங்களை நிறைத்தன. நான் அதன் கட்சி. எல்லைக் கோட்டை மனப்பாடம் செய்வதைவிட, உருக்காலை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கப் பழகுவது நல்லதல்லவா?

கிழக்கு ஜெர்மனியின் கதை வேறு. அந்த அரசு 1950லேயே ஓடர்–நைசெ எல்லையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆக, ஒரே மொழி பேசும் பிள்ளைகள், ஒரே ஆண்டில், ஒரே ஆற்றங்கரைக்கு இரண்டு விதமான எல்லைகளைப் படித்திருக்கிறார்கள். கிழக்கின் அட்லஸ்கள் கோதா நகரில், வரைபடக் கலைஞர் ஹெர்மன் ஹாக் பெயரிலான அரசு நிறுவனத்தில் தயாராயின. நாளைக் காலை கோதா ரயில்.