பெயர் வெட்டிய அண்டா

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் 14 ஆண்டுகளாகக் கணக்கெழுதுகிறேன். கதையும் ஏறக்குறைய அதே காலமாக எழுதி வருகிறேன். இடிபடும் வீடுகளிலிருந்து பர்மாத் தேக்குக் கதவுகளும், எனாமல் தூக்குகளும், மரவை எனப்படும் மரப்பாத்திரங்களும் எங்கள் கடைக்கு வரும். வந்த பொருளைப் பதிவேட்டில் ஏற்றும்போது ‘பழைய அண்டா’ என்று மட்டும் எழுதினால் முதலாளி ஒப்புக்கொள்ளமாட்டார். எடை, வாயகலம், விளிம்பில் உள்ள நசுங்கல், பெயர் வெட்டியிருக்கும் பக்கம் என எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

இப்படிப் பகலெல்லாம் கண்ணால் பார்த்ததை எழுதிய நான், விடியற்காலை 5 மணிக்குக் கதை எழுத உட்கார்ந்ததும் ‘வளவு மௌனமாய் அழுதது’ என்று வீட்டு முற்றத்தையே அழவைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகளிலிருந்து தொடர்ந்து திரும்பி வந்த அக்கதைகளைப் பின்னொரு நாள் படித்தபோது, என் பதிவேட்டில் இருந்த உயிர்கூட அவற்றில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அன்று முதல், கடைக்கு வருகிறவர்கள் பேசியதை, அவர்கள் சொன்ன சொல் மாறாமல், பழைய சிட்டைத் தாள்களின் பின்பக்கத்தில் அன்றன்றே குறித்துவைக்கிறேன். இரவு தாண்டினால் அவர்கள் பேச்சில் என் பேச்சு கலந்துவிடுகிறது.

ஒருமுறை ஓர் ஆச்சி தம் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவை விற்க வந்தார். விலை பேசி முடிந்த பிறகு, அதில் புள்ளிபுள்ளியாய் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, பேரை மட்டும் ராவிட்டுக் கடையில வைக்க முடியுமாப்பா?” என்று கேட்டார். முதல் வரைவில் அவருடைய துயரத்தை மூன்று பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். ஆறாம் வரைவில் அந்தக் கேள்வி மட்டுமே எஞ்சியது.

ஆனாலும் அக்கதையை இரண்டு ஆண்டுகள் வெளியே அனுப்பவில்லை. கஷ்டத்தில் பொருளை விற்க வந்தவரின் வாழ்க்கையை, அவர் அறியாமல் நானும் எடுத்துக்கொள்கிறேனோ என்ற உறுத்தல் இருந்தது. ஊரையும் உறவையும் மாற்றி எழுதினேன். அதனால் உறுத்தல் குறைந்ததே தவிரத் தீரவில்லை. புனைகதை எழுதுகிறவன் இந்த உறுத்தலை இழந்துவிடக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இப்படிக் காத்திருப்பதில் சலிப்பு வரும்போது சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தை நினைத்துக்கொள்வேன். இந்தோனேசியாவில் வாழ்ந்து திரும்பி, மதுரையில் நாளிதழ் வேலை பார்த்த அவர் எழுதிய நாவல்கள் இரண்டே; அவற்றில் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் நூலாயிற்று.

என் கதையில் இன்னும் ஓரிடம் சரியாகவில்லை. அன்று அந்த ஆச்சியிடம் நான், “பேர் இருந்தாத்தான் ஆச்சி விலை போகும்” என்றேன். கதையில் வரும் கணக்கர் அதையே சொல்வதா, ஒன்றும் சொல்லாமல் அண்டாவைத் தராசில் ஏற்றுவதா என்று தெரியாமல், அந்தப் பக்கத்தை இன்று காலையும் திருத்தி எழுதினேன்.